லெட் செப்பலின் மூன்றாவது ஆல்பம்: குறைந்தது சத்தமா, சரக்கா?

வண்டிப்பெரியாரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாலு பேர் சேர்ந்து ராக் பேண்ட் வைத்திருக்கிறார்கள். கல்லூரி விழா, குமுளிப் பக்கம் சர்ச் பெருநாள் கானமேளா, மலை இறங்கினால் கூடலூர், கம்பம் திருவிழா மேடை என்று வாசிக்கிறார்கள். இப்போது டிஸ்டார்ஷனை (எலெக்ட்ரிக் கிட்டாரின் அந்தக் கரகரப்பை) கொஞ்சம் மூட்டை கட்டிவிட்டு, மரக் கிட்டாரில் (அக்கூஸ்டிக்) நாலைந்து பாட்டு போடலாமா என்று ஒரு யோசனை. "ஜிம்மி பேஜே மூணாவது ஆல்பத்துல அப்படிப் பண்ணித்தான் அடி வாங்கினாரு" என்று பேண்டுக்குள்ளேயே ஒருவர் (லெட் செப்பலின் என்கிற இங்கிலாந்து ராக் பேண்டின் கிட்டாரிஸ்ட்தான் பேஜ்) கிளப்பிவிட, டிரம்ஸ் அடிக்கிற நண்பர் "அப்ப எனக்கு என்ன வேலை" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாராம். அந்த ஆல்பம் நிஜமாகவே தோல்வியா, ஏன் அப்படி மாறினார்கள், அதில் எங்களுக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? இதுதான் கேள்வி.

நான் கம்பத்தில் மேடைக்கு சவுண்டு பார்க்கிறவன், கிட்டாரும் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் வரலாறு பாதி, வேலை விஷயம் பாதியாக எழுதுகிறேன்.

தோல்வியா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 1970 அக்டோபரில் வந்த அந்த ஆல்பம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதல் இடத்துக்குப் போனது. அமெரிக்காவில் 60 லட்சம் பிரதிகளுக்கான சான்று வாங்கியிருக்கிறது. இரண்டாவது ஆல்பத்துக்கு அங்கே 1 கோடியே 20 லட்சம் என்பதால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிதான். அடி விழுந்தது விற்பனையில் இல்லை, பத்திரிகையில். 'இவங்களுக்கு என்ன ஆச்சு, கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் மாதிரி ஆகப் பாக்கறாங்களா' என்கிற தொனியில் விமர்சனங்கள் வந்தன (மரக் கிட்டாரும் கூட்டுக் குரலுமாகப் பாடிய குழு அது). பேஜுக்கு அது ரொம்பவே உறைத்தது. ஒன்றரை வருஷம் பேட்டியே கொடுக்கவில்லை என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். 1971 நவம்பரில் வந்த நாலாவது ஆல்பத்தின் அட்டையில் பேண்டின் பேரும் இல்லை, ஆல்பத்தின் பேரும் இல்லை என்றால், அந்தக் கோபத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இனி மாற்றத்துக்கு வருகிறேன். 1968 செப்டம்பரில் சேர்ந்து மேடை ஏறியவர்கள், 1970 ஏப்ரலுக்குள் அமெரிக்காவை மட்டும் ஐந்து முறை சுற்றிவிட்டார்கள். முதல் ஆல்பத்தை லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முடித்திருந்தார்கள். இரண்டாவதை டூருக்கு நடுவே, போகிற ஊரில் கிடைத்த ஸ்டூடியோவில் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். அந்த ஆல்பத்தின் மூர்க்கம் பாதி அந்த அவசரத்திலிருந்து வந்தது. 'ஹோல் லாட்டா லவ்' கேட்டால் தெரியும். ஐந்தாவது டூரின் கடைசியில் பாடகர் ராபர்ட் பிளான்டின் தொண்டையே மக்கர் பண்ணிவிட்டது. ஆள் ஓய வேண்டிய நேரம்.

பிளான்ட் சின்ன வயதில் குடும்பத்தோடு போய்த் தங்கிய ஒரு வீடு வேல்ஸில் இருந்தது. மகன்லெத் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்து மலையில், 18ஆம் நூற்றாண்டுக் கல் வீடு. பேர் ப்ரான்-எர்-ஆர். கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. பிளான்ட் மனைவியோடும் கைக்குழந்தையோடும் நாயோடும் போனார். பேஜ் தன் தோழியோடு போனார். கூட உதவிக்கு இரண்டு பேர். மெழுகுவர்த்தி வெளிச்சம், ஓடைத் தண்ணீர், குளிருக்கு விறகு. ஆம்ப்ளிஃபயர் கொண்டுபோனாலும் செருக இடம் இல்லை. மரக் கிட்டாரும் பேட்டரியில் ஓடும் கேசட் ரெக்கார்டரும்தான் கையில் இருந்தன. ஒரு நாள் நடந்து களைத்து ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தபோது பேஜ் மெட்டை எடுக்க, பிளான்ட் அங்கேயே வரி போட, கேசட்டில் பதிந்த பாட்டுதான் 'தட்ஸ் தி வே'.

இந்தக் கதையை ராக் ரசிகர்கள் புராணமாக்கிவிட்டார்கள். மலைக்குப் போனார்கள், மனசு இளகியது, ஆல்பம் பிறந்தது என்று. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. அந்த வீட்டுக்குக் கடன்பட்ட பாட்டு ஆல்பத்தில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். 'டாஞ்சரின்' பேஜ் அதற்கு முன்பு இருந்த யார்ட்பேர்ட்ஸ் பேண்ட் காலத்துச் சரக்கு. 'காலோஸ் போல்' பல நூற்றாண்டு பழைய நாட்டார் பாட்டு. 'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ' அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே தயார். ஆல்பத்தின் முதல் பாட்டான 'இமிக்ரன்ட் சாங்' ஜூனில் ஐஸ்லாந்து போய் ரெய்க்யவிக்கில் கச்சேரி பண்ணிய சூட்டில் வந்தது. பதிவும் மலையில் நடக்கவில்லை. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்கிற பழைய பெரிய கட்டடத்திலும், லண்டனில் ஐலண்ட், ஒலிம்பிக் ஸ்டூடியோக்களிலும் பதிந்து, அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து ஆர்டென்ட் ஸ்டூடியோவில் கலவை முடித்தார்கள்.

மென்மையும் அங்கே புதிதாக முளைத்ததில்லை. முதல் ஆல்பத்திலேயே 'பேப் ஐம் கோனா லீவ் யூ' மரக் கிட்டாரில்தான் தொடங்குகிறது. அதே ஆல்பத்தில் 'பிளாக் மவுன்டன் சைட்' என்று இரண்டு நிமிடத் துண்டு ஒன்று இருக்கிறது: பேஜ் மரக் கிட்டார், விராம் ஜசானி தபலா, வேறு யாரும் இல்லை. விமர்சகர்கள் அதையெல்லாம் இடைவேளை என்று தாண்டிப் போயிருந்தார்கள். மூன்றாவதில் அதுவே இரண்டாம் பக்கம் முழுக்க உட்கார்ந்ததும் அதிர்ச்சியாகிவிட்டது. ஆக, அந்தக் கல் வீடு புதிதாக ஒன்றையும் தரவில்லை. ஏற்கெனவே கையில் இருந்ததைப் பின்னுக்குத் தள்ளாமல் முன்னால் வைக்க அவகாசம் தந்தது. உங்கள் பேண்டில் மரக் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் ஏற்கெனவே இருந்தால் உங்கள் கதையும் இதுதான். யாரும் மதம் மாறவில்லை, பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. 'மென்மையான ஆல்பம்' என்று பேர் வாங்கிய இதை முதலில் போட்டதும் காதில் விழுவது என்ன தெரியுமா? டேப் இரைச்சல், பிறகு குதிரை ஓட்டம் மாதிரி ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துண்டு), மேலே பிளான்டின் ஊளை. 'இமிக்ரன்ட் சாங்' இரண்டரை நிமிடம்கூட இல்லை. அவர்கள் போட்டதிலேயே மூர்க்கமான பாட்டுகளில் ஒன்று. அதைத்தான் வாசலில் வைத்தார்கள். முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு, அதில் நாலு மின்சாரம். இரண்டாம் பக்கத்தில்தான் மரம். எல்பி தட்டைத் திருப்பிப் போடுகிற அந்த இடைவெளி கேட்கிறவனைத் தயார்படுத்திவிடும். இன்றைக்கு ஃபோனில் கலைத்துப் போட்டுக் கேட்கிறவர்களுக்கு இது புரியவே புரியாது. பத்துப் பாட்டையும் வரிசை கலையாமல் ஒரு தடவை கேளுங்கள்.

முதல் பக்கத்தில் மின்சாரம் இல்லாத அந்த ஒரு பாட்டு 'ஃப்ரெண்ட்ஸ்'. நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். இதற்கு பேஜ் கிட்டாரை வேறு மாதிரி சுருதி சேர்க்கிறார். தடித்த தந்தியிலிருந்து சன்னமானதுக்கு: சி, ஏ, சி, ஜி, சி, ஈ. சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ச, த, ச, ப, ச, க. ஆறு தந்தியில் மூன்று ஸட்ஜம், ஒரு பஞ்சமம். இப்படிச் சேர்த்த கிட்டாரைச் சும்மா வருடினாலே சுருதிப் பெட்டி போட்ட மாதிரி அடியில் ஒரு ரீங்காரம் நிற்கும். கார்டு மாற்ற மாற்ற பாட்டு நகர்வதுதான் ராக் வழக்கம். இங்கே ஸட்ஜம் அசையாமல் நிற்கிறது, மெட்டு அதன் மேல் ஏறி இறங்குகிறது. அதனால்தான் முதல் தடவை கேட்கும்போதே 'இது நம்ம பக்கத்து வாடையா இருக்கே' என்று தோன்றும். பின்னால் வயலின் கூட்டத்தை எழுதியவர் பேஸ் வாசிக்கிற ஜான் பால் ஜோன்ஸ். டிரம் செட்டின் இடி இல்லை, கையால் தட்டும் தாளம் மட்டும்.

பேஜும் பிளான்டும் 1972இல் பம்பாய் வந்து உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்து இதே பாட்டை மறுபடி பதிந்தார்கள். அந்தப் பதிவு பெட்டிக்குள் தூங்கி, 2015இல் 'கோடா' ஆல்பத்தின் மறுபதிப்போடுதான் வெளியே வந்தது. தேடிக் கேளுங்கள். எனக்கு 1970 பதிவுதான் உசத்தி. பம்பாய்ப் பதிவில் எல்லாரும் கொஞ்சம் ஜாக்கிரதையாக வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஆசை எங்கே போய் நின்றது என்பது அதில் தெரியும்.

'ஃப்ரெண்ட்ஸ்' முடியும்போது ஒரு சின்தசைசர் உறுமல் வந்து அடுத்த பாட்டான 'செலிப்ரேஷன் டே'க்குள் நுழைவதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய கலைத் திட்டம் என்று நினைக்க வேண்டாம். 'செலிப்ரேஷன் டே'யின் தொடக்கம் ஸ்டூடியோவில் தவறுதலாக அழிந்துபோனது. அந்த ஓட்டையை அடைக்க முந்தின பாட்டின் உறுமலை இழுத்து ஒட்டினார்கள். ஒட்டு வேலை என்று இன்றைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது உங்கள் டிரம்ஸ் நண்பரைக் கூப்பிடுங்கள், இந்தப் பகுதி அவருக்கு.

செப்பலினின் டிரம்மர் ஜான் பான்ஹம் அளவுக்கு இடி மாதிரி அடித்தவர்கள் குறைவு. பேண்ட் மரக் கிட்டாருக்குப் போகிறது என்றால் முதலில் வேலை போக வேண்டியவர் அவர்தான். போகவில்லை. 'ப்ரான்-ஒய்-ஆர் ஸ்டாம்ப்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (வீட்டின் பேரை ஆல்பம் அட்டையில் தப்பாக அச்சடித்து அதுவே நிலைத்துவிட்டது). பிளான்ட் தன் நாயைப் பற்றிப் பாடுகிற பாட்டு. இதில் பான்ஹம் கரண்டிகளையும் காஸ்டனெட் கட்டைகளையும் எடுத்துக்கொள்கிறார். அடி அதே அடிதான். கால் தரையைத் தட்டும் இடம் மாறவில்லை, எடை மட்டும் மாறியிருக்கிறது. அந்தப் பாட்டுக்கு எழுந்து ஆடாமல் உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

'காலோஸ் போல்' இன்னும் நல்ல பாடம். தூக்குமேடையில் நிற்கிறவன் தூக்குப் போடுகிறவனிடம் 'கொஞ்சம் பொறு, என் ஆட்கள் வருகிறார்கள்' என்று கெஞ்சுகிற கதைப்பாட்டு. நண்பர்கள் வருகிறார்கள், தம்பி பொன்னும் வெள்ளியும் கொண்டுவருகிறான், தங்கை வருகிறாள். இந்தப் பாட்டின் பல பழைய வடிவங்களில் கடைசியில் யாராவது வந்து காப்பாற்றிவிடுவார்கள். செப்பலின் வடிவத்தில் தூக்குப் போடுகிறவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தூக்கிலும் போட்டுவிடுகிறான். தொடக்கத்தில் ஒரே ஒரு மரக் கிட்டாரும் குரலும்தான். அடுத்து ஒவ்வொரு ஆளாக வருகிற மாதிரியே ஒவ்வொரு வாத்தியமாக வருகிறது: ஜோன்ஸின் மாண்டலின், பேஜின் பாஞ்சோ. பான்ஹம் பாதிப் பாட்டு வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் நுழைகிற இடத்தில் வால்யூமை யாரும் ஏற்றவில்லை, ஆனால் பாட்டு இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். பேஜ் அதற்கு முன்பு பாஞ்சோவைத் தொட்டதே இல்லை, ஜோன்ஸுடையதை எடுத்து வாசித்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். கேட்டால் நம்பலாம், ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது.

'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ' ஏழரை நிமிட மெதுவான ப்ளூஸ். மின்சாரக் கிட்டார்தான், ஆனால் ஆல்பத்தின் மென்மை உச்சத்துக்குப் போகிற இடம் என் கணக்கில் இதுதான். ஜோன்ஸ் ஹேமண்ட் ஆர்கனில் கைக்கு கார்டும் காலுக்கு பேஸ் பெடலுமாக இரட்டை வேலை பார்க்கிறார். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், பான்ஹமின் பாஸ் டிரம் பெடல் கிறீச் கிறீச் என்று எண்ணெய் போடாத கதவு மாதிரி முனகுவது பாட்டு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் எப்படிக் காதுக்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாசிப்பு அவ்வளவு இடம் விட்டிருக்கிறது. மற்ற பாட்டுகளில் கிட்டார் சுவரே எழுப்பிவிடுவதால் பெடல் முனகினாலும் தெரியாது. சவுண்டு பார்க்கிறவனாக எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது அந்தக் கிறீச்சுதான்.

'தட்ஸ் தி வே'யில் டிரம் செட்டே கிடையாது. பெரியவர்கள் பழகக்கூடாது என்று பிரித்துவிட்ட இரண்டு சிறுவர்களின் பாட்டு. பிளான்ட் கத்தவே மாட்டார். முதல் இரண்டு ஆல்பத்தில் அவர் குரல் கிட்டாரோடு மல்லுக்கட்டும். இங்கே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறது. பின்னணியில் பேஜே வாசித்த ஸ்டீல் கிட்டார் இழுப்பு லேசாக மிதக்கும். இந்தக் குரல் கிடைக்காமல் போயிருந்தால் நாலாவது ஆல்பத்தில் 'கோயிங் டு கலிஃபோர்னியா'வும் இருந்திருக்காது, 'ஸ்டேர்வே டு ஹெவன்' அப்படி அமைதியாகத் தொடங்கியிருக்கவும் முடியாது. அந்த நாலாவதுதான் அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் விற்றது. மூன்றாவதைத் திட்டிய அதே கூட்டம் அதை வாங்கியது.

கடைசிப் பாட்டு 'ஹாட்ஸ் ஆஃப் டு ராய் ஹார்ப்பர்' பழைய ப்ளூஸைக் குரலை நடுங்கவிட்டு, ஸ்லைடு போட்டுச் சிதைத்த ஒரு விளையாட்டு. எனக்குப் பிடிக்காது. தாண்டிப் போகலாம்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே ஒரு வட்ட அட்டை, சுழற்றினால் முன்பக்க ஓட்டைகள் வழியே படங்கள் மாறும். ஸக்ரான் என்கிற ஓவியர் செய்தது. பேஜுக்குத் திருப்தி இல்லை. பழைய எல்பி எங்காவது கிடைத்தால் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்டு ஒட்டிப்போயிருக்கும்.

சரி, உங்கள் பேண்ட் விஷயம்.

மெல்லிசாக வாசித்தால் எஸ்டேட் சனம் கேட்குமா என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மலையின் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, கீழே பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலை ஏறிப்போய்த் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் பாடினார். கூடப் போன தம்பி ராசையா பிற்பாடு இளையராஜா. ரோசம்மா ஜெயித்தார். அந்தப் பாட்டுகளுக்கு ஆம்ப்ளிஃபயர் அடுக்கு இருந்ததா, டிஸ்டார்ஷன் இருந்ததா? வரி காதில் விழுந்தது, அவ்வளவுதான். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பாடிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு, மெல்லிசாக வாசித்தால் கூட்டம் கேட்குமா என்ற பயம் இருக்கக்கூடாது.

ஆனால் கானமேளா மேடையில் அது தானாக நடந்துவிடாது. மெதுவான பாட்டு வந்ததும் கூட்டம் கடலை வாங்கப் போகும். செப்பலின் மேடையில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1975 மே மாதம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஐந்து இரவு வாசித்தபோது, கச்சேரிக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து 'டாஞ்சரின்', 'கோயிங் டு கலிஃபோர்னியா', 'தட்ஸ் தி வே', 'ப்ரான்-ஒய்-ஆர் ஸ்டாம்ப்' நாலையும் வரிசையாக வாசித்தார்கள். ஒரு மென்மைப் பாட்டு, ஒரு கத்தல் பாட்டு என்று மாற்றி மாற்றிப் போடவில்லை. நாலையும் ஒரு கட்டாக, நடுவில் வைத்தார்கள். உட்கார்ந்த உடனே கூட்டத்துக்கு 'இது வேற' என்று புரிந்துவிடும். கட்டின் கடைசிப் பாட்டு கால் தட்டுகிற பாட்டு, அதிலிருந்து எழுந்து பழைய வேகத்துக்குப் போவது சுலபம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தொடக்கம் மட்டும் உங்களிடம் இருப்பதிலேயே முரட்டுப் பாட்டாக இருக்கட்டும்.

டிரம்மரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கஹோன் பெட்டியோ (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) டோலக்கோ எடுத்துக் கொடுங்கள், இல்லை டிரம் செட்டிலேயே குச்சிக்குப் பதில் பிரஷ் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டில் பாதிவரை சும்மா இருந்துவிட்டு நுழையும் வேலையைக் கொடுங்கள். அப்புறம் அவர்தான் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கி வாசிப்பார்.

கிட்டாருக்கு வருகிறேன். 'ஃப்ரெண்ட்ஸ்' சுருதி சேர்க்க நினைத்தால் ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து சி-க்கு, அதாவது நாலு அரைச் சுரம் இறக்க வேண்டும். நாலாவதை டி-யிலிருந்து சி-க்கு இறக்க வேண்டும். இரண்டாவதை பி-யிலிருந்து சி-க்கு அரைச் சுரம் ஏற்ற வேண்டும். மற்ற மூன்றும் அப்படியே. எலெக்ட்ரிக் கிட்டாரின் 9ஆம் நம்பர் சன்னத் தந்தியில் இதைச் செய்தால் ஆறாவது தந்தி துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கி ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்குக் கம்பியில்) தட்டும். மரக் கிட்டாரில் 12ஆம் நம்பர் செட் போடுங்கள். 'தட்ஸ் தி வே'க்கு ஓப்பன் ஜி: டி, ஜி, டி, ஜி, பி, டி. இதில் எந்தத் தந்தியையும் ஏற்ற வேண்டியதில்லை, இறக்குவது மட்டும்தான், அறுந்துவிடும் பயம் இல்லை. பழக இதுதான் லேசு. மேடையில் சுருதி மாற்றிக்கொண்டு நின்றால் காரியம் கெடும், ஆகவே இரண்டாவது கிட்டார் ஒன்றை இரவல் வாங்கியாவது முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

உங்கள் ஊர் சாரல் ஒரு தனித் தொல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஈரத்தில் மரம் ஊதும். கிட்டாரின் மேல்பலகை லேசாகப் புடைத்து, தந்தி விரல் பலகையிலிருந்து எழும்பிவிடும், அழுத்தினால் விரல் நோகும். அதே கிட்டாரை ஏப்ரலில் கம்பத்துக்குக் கொண்டுவந்தால் காய்ந்து தந்தி கீழே இறங்கி ஃப்ரெட்டில் உரசும். ஒட்டுப் பலகைக் கிட்டாருக்கு இது குறைவு, முழுப்பலகைக்கு அதிகம். எஸ்டேட் குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் சாரல் மாதத்தில் துரு ஏறிவிடும்.

மேடைச் சவுண்டில் மரக் கிட்டாரின் வம்பு ஃபீட்பேக். மானிட்டர் ஸ்பீக்கர் (வாசிக்கிறவர்கள் கேட்க மேடையில் வைப்பது) சத்தம் கிட்டாரின் குடத்துக்குள் புகுந்து, அதையே பிக்கப் (கிட்டாரில் சத்தம் பிடிக்கும் கருவி) பிடித்து, ஊ என்று ஊளையிடும். வாய் ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி கிடைக்கிறது, போடுங்கள். மைக் செட் அண்ணனிடம் 'வால்யூம் ஏத்துங்க' என்று கேட்காமல், 'நூத்தம்பதுல இருந்து இருநூத்தம்பது ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் வெட்டுங்கண்ணே' என்று கேளுங்கள். ஊளை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிளம்பும். பிக்கப்பிலிருந்து நேராக மிக்சருக்கு நீளக் கேபிள் இழுத்தால் தகர டப்பா சத்தம் வரும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை நீளக் கேபிளுக்கு ஏற்ற மாதிரி மாற்றும் சின்னப் பெட்டி) வேண்டும். செட்டுக்காரரிடம் இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்.

எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது என்றால், 'டாஞ்சரின்'. சாதாரண சுருதிதான், கார்டுகளும் கைக்கு அடங்கும். பதிவில் பேஜ் ஒரு முறை தப்பாகத் தொடங்கி, நிறுத்தி, எண்ணிவிட்டு மறுபடி தொடங்குவதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்த எண்ணுகிற வேகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், பாட்டு நினைப்பதைவிட மெதுவானது. கானமேளாவில் எல்லாரும் அதை ஓட்டிவிடுகிறார்கள்.